கண்ணாடிக்கு ஆள் உண்டு, கம்பிக்கு ஆள் இல்லை

எங்கள் சிற்றாலயத்துக் கலர் கண்ணாடி ஜன்னலைக் கழற்றிப் பழுது பார்த்து மறுபடி மாட்டிய விவரத்தை வேறு பங்குகளில், அதாவது வேறு கோயில் வட்டாரங்களில், இருப்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்வதைவிட மொத்தமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கணக்கு என் கையில் இருந்தது. அதனால் பணத்தைப் பற்றி அதிகம் வரும். வேலையையும் விடாமல் எழுதுகிறேன். என்ன வேலை என்று தெரியாமல் பணம் திரட்டக் கிளம்பினால் பாதி வழியில் மாட்டிக்கொள்வீர்கள்.

இடம் புதுச்சேரி, பழைய நகரைச் சுற்றும் புல்வார் சாலைக்கு உள்ளே, கடல் காற்று நேராக வந்து அடிக்கிற ஒரு தெரு. சின்னக் கோயில். திருநாள் என்றால் பாதிப் பேர் வாசலில்தான் நிற்பார்கள். தெற்கு புல்வாரில் 1907இல் கட்டி முடித்த திரு இருதயக் கோயிலில் இருப்பதுபோல வரிசையாகக் கண்ணாடிகள் இங்கே கிடையாது. பீடத்துக்குப் பின்னால் கிழக்குச் சுவரில் ஒன்றே ஒன்று. ஒன்பதடி உயரம், மூன்றடி அகலம், மேலே கூர்வளைவு. 1858இல் ஃபிரான்சின் லூர்து நகரில், கெபி என்று நாம் சொல்கிற பாறைக் குகையில், பெர்னதெத் என்ற சிறுமி மாதாவைக் கண்ட காட்சி. வெள்ளை உடை, நீல இடைக்கச்சை, இரண்டு பாதத்திலும் ஒவ்வொரு மஞ்சள் ரோஜா என்று பெர்னதெத் சொன்ன அடையாளங்கள் எல்லாம் அதில் உண்டு. வில்லியனூரில் லூர்து மாதாவுக்குக் கோயில் எழும்பியது 1877இல் என்பதால், எங்கள் பக்கத்துக்கு இந்தக் காட்சி புதிதல்ல. கோயிலுக்கு வராதவர்கள்கூட ‘அந்தக் கலர் கண்ணாடி மாதா’ என்று வழி சொல்வார்கள்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறியபோது கீழ்மூலை உடைந்து, வலது பாதத்து ரோஜா போய்விட்டது. அன்று ஊரே மரமும் ஓடும் விழுந்து கிடந்தது, கண்ணாடியை யார் கவனிப்பார்கள்? யாரோ ஒரு புண்ணியவான் சாதா ஜன்னல் கண்ணாடியை வெட்டி, மஞ்சள் எனாமல் பெயின்ட் அடித்து, எம்-சீல் வைத்து அடைத்துவிட்டுப் போனார். அதுவும் பதின்மூன்று வருஷம் தாங்கியது, குறை சொல்ல முடியாது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வந்தது. இருபத்துநான்கு மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மறுநாள் கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளை கதவைத் திறந்தபோது பீடத் துணி பிழிகிற அளவுக்கு நனைந்திருந்தது. டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தால், ஜன்னலின் கீழ்ப்பாதி உள்பக்கமாக நாலு விரல் அளவுக்குத் துருத்திக்கொண்டு நின்றது.

சென்னையிலிருந்து கண்ணாடி மேஸ்திரி ஒருவரை வரவழைத்தோம். பழைய கோயில் கண்ணாடிகளில் வேலை செய்து பழகியவர், அதிகம் பேசமாட்டார். ஏணியில் ஏறி, ஒரு சின்னக் கத்தியால் அங்கங்கே தட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து சொன்னது இதுதான்: “கண்ணாடி நல்லா இருக்கு. ஈயமும் இரும்பும்தான் போயிடுச்சு.”

எங்களுக்கு அன்றுதான் புரிந்தது. இந்த மாதிரி ஜன்னலில் ஒவ்வொரு கண்ணாடித் துண்டும் ‘எச்’ வடிவ ஈயப் பட்டையின் பள்ளத்துக்குள் உட்கார்ந்திருக்கும். பட்டைகள் சேரும் இடமெல்லாம் பற்றவைத்திருக்கும். இடுக்கில் ஆளிவிதை எண்ணெய் சேர்ந்த மக்கு அடைத்திருக்கும். அப்படிச் செய்த கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் குறுக்குக் கம்பிகள் கொடுத்து, செப்புக் கம்பியால் கட்டி நிறுத்துவார்கள். எங்கள் ஜன்னலில் ஐந்து கட்டம். ஈயம் மெத்தென்ற உலோகம். வெயிலில் நீண்டு, இரவில் சுருங்கி, நூறு வருஷத்தில் சோர்ந்து வெடித்துவிடும். மக்கு காய்ந்து உதிர்ந்தால் பிடிமானம் போய்விடும். உப்புக் காற்றில் இரும்புக் கம்பி துருப்பிடித்தால் பல மடங்கு பருத்து, பக்கத்துக் காரையைப் பிளந்து, கண்ணாடியையும் நெருக்கி உடைக்கும். புயல் ஒரு சாக்குதான், ஜன்னல் அதற்கு முன்பே தளர்ந்துவிட்டது.

மதிப்பீடு மூன்றரை லட்சம். அந்தத் தாளைப் பார்த்த முதல் கூட்டத்திலேயே எனக்கு ஒரு விஷயம் விளங்கிவிட்டது. கண்ணாடிக்குப் பணம் தர ஆள் இருக்கிறார்கள். மாதாவின் முகத்துக்கு நான், பெர்னதெத்துக்கு என் தம்பி, நீலக் கச்சைக்கு எங்கள் குடும்பம் என்று அப்போதே கை தூக்கினார்கள். ஆனால் தாளில் கண்ணாடி என்ற வரிக்கு நேரே இருந்த தொகை மிகக் குறைவு. ஈயப் பட்டை, கூலி, சாரம், துருப்பிடிக்காத கம்பி, சுண்ணாம்பு வேலை, வெளிப்பக்கம் மழை தாங்க ஒரு சாதாக் கண்ணாடி, சென்னை போய்வர வண்டி என்று மீதியெல்லாம் யார் கண்ணுக்கும் தெரியாத செலவு. “சாரத்துக்கு என் பெயரில் எட்டாயிரம்” என்று சொல்ல ஒருவரும் இல்லை.

அடுத்து உபயப் பிரச்சினை. நம் ஊர்க் கோயில்களில் டியூப் லைட்டில் உபயதாரர் பெயரை எழுதி எழுதி வெளிச்சமே வராமல் போவதைப் பார்த்திருப்பீர்கள். எந்த மதமானாலும் இதில் வித்தியாசம் இல்லை. ஒருவர் இருபத்தைந்தாயிரம் தருவதாகச் சொன்னார், ஜன்னலின் அடியில் தன் தகப்பனார் பெயர் கண்ணாடியிலேயே வரவேண்டும் என்றார். நல்ல மனிதர், கோயிலுக்கு நிறையச் செய்தவர். மறுத்தால் வருத்தப்படுவார், ஒத்துக்கொண்டால் அடுத்த வாரம் பத்துப் பேர் வருவார்கள். ஃபாதர் இரண்டு பக்கமும் பேசிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரே வரியில் முடித்தார். நூறு வருஷத்துக்கு முன்னால் பணம் கொடுத்தவர்கள் யாரும் இதில் பெயர் போடவில்லை, நாமும் போடவேண்டாம். பெயரெல்லாம் கணக்குப் புத்தகத்தில் இருக்கும், புத்தகம் கோயிலில் இருக்கும். அந்த அண்ணனுக்கு முகம் சுருங்கியதென்னவோ உண்மை. இருந்தாலும் சொன்ன பணத்தைக் கொண்டுவந்து கட்டினார்.

கம்பிக்கு ஆள் இல்லாத சிக்கலைத் தீர்க்க, மதிப்பீட்டைக் கிழித்துப் போட்டு வேறு மாதிரி எழுதினோம். கண்ணாடி, ஈயம், கம்பி என்று பிரிக்காமல், ஐந்து கட்டத்துக்கும் தலா அறுபதாயிரம். ஒரு கட்டத்தை எடுப்பவர்கள் அதன் கண்ணாடியையும் கம்பியையும் மக்கையும் சாரத்தில் ஒரு பங்கையும் சேர்த்தே எடுக்கிறார்கள். வெளிக் கண்ணாடி மட்டும் தனியாக ஐம்பதாயிரம். எங்களிடம் ஆறு அன்பியங்கள், அதாவது பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழுக்கள். எல்லாருக்கும் மாதாவின் முகம் வருகிற நாலாவது கட்டம்தான் வேண்டும். பாதத்தைத் தவிர மற்றதெல்லாம் புல்லும் பாறையுமாக இருக்கிற அடிக் கட்டம் யாருக்கும் வேண்டாம். குலுக்கிப் போட்டுத்தான் பிரித்தோம். வெளிக் கண்ணாடி விழுந்தது, ஆட்டோ ஓட்டுகிறவர்களும் கொத்தனார்களும் அதிகம் உள்ள அன்பியத்துக்கு. “படம் உங்களுது, மழையில நிக்கிறது எங்களுது” என்று அவர்கள் அடித்த கிண்டல் வேலை முடிகிறவரை ஓயவில்லை. சொன்ன தொகையை முதலில் கட்டி முடித்ததும் அவர்கள்தான்.

பணம் வாங்கும் முறையை ஆரம்பத்திலேயே இறுக்கிவிட்டோம். வங்கியில் தனிக் கணக்கு, எடுக்க இரண்டு கையெழுத்து. ஐம்பது ரூபாய்க்கும் ரசீது. வாரா வாரம் வரவு, செலவு, கையிருப்பு மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஞாயிறு முதல் பூசைக்கு முன்னால் வாசலில் ஒட்டினேன். செலவே இல்லாத வாரத்திலும் ஒட்டினேன். ‘செலவு: இல்லை’ என்ற வரிக்குப் பெரிய மதிப்பு உண்டு. அதைப் படித்துவிட்டுத்தான் சிலர் பர்ஸைத் திறந்தார்கள்.

வரிச் சலுகை பற்றிக் கேட்டவர்களுக்கு நேராகச் சொன்னோம்: நன்கொடைக்கு வரிக் கழிவு தரும் 80ஜி எங்கள் சிற்றாலயத்துக்குக் கிடையாது. கோயில், மசூதி, தேவாலயப் பழுதுபார்ப்புக்கு அந்தச் சலுகை வேண்டுமென்றால், வரலாற்று, தொல்லியல், கலை முக்கியத்துவம் உள்ள இடமாகவோ, மாநிலம் முழுக்கப் பேர்பெற்ற வழிபாட்டு இடமாகவோ மத்திய அரசு அறிவித்திருக்க வேண்டும். அது எல்லாச் சின்னக் கோயிலுக்கும் வாய்க்காது. அப்படியே சலுகை உள்ள இடத்திலும் ரொக்கமாக இரண்டாயிரத்துக்கு மேல் கொடுத்தால் கழிவு கிடைக்காது. உங்கள் பங்கில் யாராவது ‘ரசீது வாங்கிக்கொள்ளுங்கள், வரியில் கழியும்’ என்று வாய்க்கு வந்தபடி சொல்லிவைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வருவது புதுச்சேரிக்காரர்களுக்கு மட்டுமே உரிய தலைவலி. எங்கள் தெருவில் சொல்தா வீடுகள் உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, பிரெஞ்சுக் குடியுரிமையோடு இங்கேயே வாழ்பவர்கள். ஃபிரான்சில் இருக்கும் அவர்கள் பிள்ளைகள் வேறு. ஜன்னல் சேதி கேட்டதும் முதலில் பணம் அனுப்பத் தயாரானவர்கள் இவர்கள்தான். ஆனால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி, வெளிநாட்டுக் குடிமகன் கொடுத்தால், அவர் பிறந்தது முத்தியால்பேட்டையானாலும், ரூபாயாகவே கொடுத்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அந்தச் சட்டத்தின்கீழ் எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ இல்லாதவர்கள் வாங்கக் கூடாது. பதிவு உள்ளவர்களும் அந்தப் பணத்தை டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில்தான் வாங்க வேண்டும். பதிவுள்ள வேறொரு அமைப்பு வாங்கி எங்களுக்குக் கைமாற்றிவிடலாமே என்றார்கள். 2020இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு அதற்கும் வழியில்லை. இதில் ஒரு வித்தியாசம் உண்டு: இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயிலோ பாரிசிலோ வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆக, ஒரே வீட்டில் அண்ணன் அனுப்பலாம், தம்பி அனுப்பக் கூடாது. இதை ஒவ்வொரு வீட்டிலும் போய் விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கொடுக்க வருகிறவரிடம் வேண்டாம் என்று சொல்வதைப்போலச் சங்கடம் வேறில்லை.

எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர், முன்னாள் சொல்தா, நான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டார். கோபப்படவில்லை. “காசு வேணாம்னா போ, கலியாண போட்டோ வேணுமா?” என்று கேட்டு உள்ளே போய் ஒரு ஆல்பத்தை எடுத்துவந்தார். அதே பீடத்துக்கு முன்னால் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் பின்னால், கொஞ்சம் மங்கலாக, ஜன்னலின் கீழ்க் கட்டம் முழுசாக இருந்தது. காணாமல்போன ரோஜாவின் இதழ்கள் எந்தப் பக்கம் மடிந்திருந்தன என்பது அதிலிருந்துதான் தெரிந்தது. படத்தை ஸ்கேன் எடுத்துக்கொண்டு ஆல்பத்தை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மற்ற வழிகளையும் சொல்லிவிடுகிறேன். கிறிஸ்துமஸுக்கு விவிகம் கேக் போட்டு விற்றோம். ரவையும் ரம்மில் ஊறிய பழமும் சேர்ந்த நம்ம ஊர்ப் பழைய கேக்குக்கு மதிப்பு இன்னும் குறையவில்லை, நல்ல வரவு. பிரியாணிப் பொட்டலம் அவ்வளவு உழைப்புக்குக் கட்டுப்படியாகவில்லை. தம்போலாவில் சிரிப்பு அதிகம், காசு குறைவு.

ஆனால் நிஜமாகவே பணத்தை நகர்த்தியது வேறு. பிப்ரவரி 11, லூர்து மாதா திருநாளுக்கு முன்னால் அடிக் கட்டத்தை மட்டும் கழற்றி இறக்கினோம். ஒரு பெஞ்சில் மரச் சட்டம் அடித்து, பின்னால் டியூப் லைட் வைத்து, மேலே கண்ணாடி மூடி போட்டு, வாசல் பக்கம் நிறுத்தினோம். தலைக்கு மேலே உயரத்தில் இருந்த பொருள் கண்ணுக்கு நேரே வந்ததும் ஜனங்கள் பார்வையே மாறியது. ஈயப் பட்டை வாய் பிளந்திருப்பதும், மக்கு இருந்த இடம் காலியாக இருப்பதும், எம்-சீல் மேடும், எனாமல் மஞ்சள் ஓரத்தில் உரிந்து தொங்குவதும் பக்கத்தில் நின்று பார்க்க முடிந்தது. சிவப்புத் துண்டு ஒன்று ஓரத்தில் சில்லு பெயர்ந்திருந்தது. அந்த இடத்தில் உற்றுப் பார்த்தால், கண்ணாடி முழுக்கச் சிவப்பு இல்லை, நிறமற்ற கண்ணாடியின் மேல் நகப்பூச்சு அளவுக்கு மெல்லிய சிவப்பு அடுக்கு மட்டும்தான் என்பது தெரியும். முழுக் கனமும் சிவப்பாக இருந்தால் வெளிச்சமே வராமல் கறுப்பாகத் தெரியும் என்று மேஸ்திரி சொன்னார். பிள்ளைகள் அந்தச் சில்லைப் பார்க்க வரிசையில் நின்றார்கள். துருப்பிடித்த பழைய குறுக்குக் கம்பி ஒன்றையும் பக்கத்தில் வைத்திருந்தோம். விரல் தடிமன் இருக்கவேண்டிய கம்பி அடுக்கடுக்காக உப்பி மணிக்கட்டுத் தடிமனுக்கு வந்திருந்தது. கம்பிக்கு எதற்குக் காசு என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

‘இவ்வளவு செலவு எதற்கு, அடைத்துச் சுவர் வைத்துவிடலாமே’ என்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களிடம் நான் வாதாடவில்லை. 2014 நவம்பர் மழையில் கடற்கரையோரம் ‘மேரி’ என்கிற பிரெஞ்சுக் காலத்து நகராட்சிக் கட்டடம் அப்படியே சரிந்ததை இந்த ஊர் பார்த்திருக்கிறது. அதை மறுபடி எழுப்பித் திறக்க 2021 ஆயிற்று. மழை ஒழுகும்போதே பார்ப்பது மலிவு என்ற கணக்கு எல்லாருக்கும் புரிந்ததுதான்.

சரி, வேலைக்கு வருவோம். மீதிக் கட்டங்களைக் கழற்றுவதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகப் படம் எடுத்தோம், பின்னாலிருந்து வெளிச்சம் வரும்போது ஒன்று, முன்னாலிருந்து விளக்கடித்து ஒன்று. பிறகு டிரேசிங் பேப்பரை மேலே விரித்து, பிள்ளைகளின் கறுப்புக் கிரேயானைப் படுக்கவைத்துத் தேய்த்தோம். ஈயக் கோடுகள் அப்படியே தாளில் எழும்பிவரும். ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டோம். பிரித்த பிறகு எது எங்கே என்பதற்கு இந்தத் தாள்தான் ஆதாரம், அதனால் இரண்டு பிரதி எடுத்தோம்.

கழற்றுவதில்தான் நேரம் போயிற்று. ஜன்னல் ஓரம் முழுக்க எப்போதோ சிமென்ட் வைத்துப் பூசியிருந்தார்கள். பழைய சுண்ணாம்புக் காரை என்றால் கத்தி முனையில் பெயரும். சிமென்ட் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு விடாது. சுத்தியல் போட்டால் அதிர்வில் கண்ணாடி போய்விடும் என்று, ஆக்ஸா பிளேடை மட்டும் கையில் பிடித்துக் கொத்தனார் அங்குலம் அங்குலமாக அறுத்தார். நாள் முழுக்க அறுத்தும் இரண்டு முழம்தான் நகர்ந்தது. ஆனால் ஒரு துண்டுகூட உடையவில்லை.

பிரிக்கும் வேலைக்குக் கோயிலுக்குப் பின்னால் இருந்த அறையை ஒதுக்கினோம். ஈயத் தூள் விஷம் என்பதால் அங்கே சட்டம் கடுமை. உள்ளே டீ, பிஸ்கட், வெற்றிலை எதுவும் கூடாது. குழந்தைகளுக்கும் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கும் அனுமதி இல்லை. துடைப்பம் போட்டுப் பெருக்கக் கூடாது, ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அந்த உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும். “ஈயச் சொம்புல ரசம் வைக்கிறோமே, அதுக்கென்ன?” என்று ஒரு பெரியம்மா கேட்டார். அது வெள்ளீயம், இது காரீயம், இரண்டும் வேறு உலோகம் என்று சொன்னபிறகும் அவருக்கு முழு நம்பிக்கை வரவில்லை. ஆனால் கையுறை போட்டுக்கொண்டார்.

சுத்தம் செய்யும் வேலை எங்களைப் போன்ற தொண்டர்களுக்கு வந்தது. பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர், பஞ்சு சுற்றிய குச்சி, இரண்டே பொருள். புளி போட்டுத் தேய்க்கலாம், எலுமிச்சை போடலாம், கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே அடிக்கலாம் என்று ஆளுக்கொரு யோசனை வந்தது. எதற்கும் மேஸ்திரி சம்மதிக்கவில்லை. காரணம், கண்ணாடியின் நிறம் கண்ணாடிக்குள் இருக்கிறது, ஆனால் முகத்தின் கண், மூக்கு, விரல், துணி மடிப்பு எல்லாம் இரும்பு ஆக்சைடும் அரைத்த கண்ணாடிப் பொடியும் கலந்த கறுப்பு வர்ணத்தால் எழுதி, சூளையில் சுட்டது. சூடு சரியாகப் பிடிக்காத இடத்தில் அந்த வர்ணம் நூறு வருஷத்துக்குப் பிறகு பொடியாக உதிரும். ஒவ்வொரு துண்டிலும் ஓரத்தில் ஒரு புள்ளியில் ஈரப் பஞ்சை ஒற்றிப் பார்த்து, பஞ்சில் கறுப்பு ஏறினால் உடனே நிறுத்திவிட வேண்டும். பெர்னதெத்தின் கன்னத்தில் ஏறியது. அதனால் அந்த முகத்தை யாரும் தொடவே இல்லை. இன்றும் மற்ற இடங்களைவிட அது கொஞ்சம் மங்கல்தான். மங்கலாக இருப்பது மேல், முகமே இல்லாமல் போவதற்கு.

மாதாவின் கையில் குறுக்கே ஒரு விரிசல் இருந்தது. பழைய காலமாக இருந்தால் அதன்மேல் இன்னொரு ஈயப் பட்டையை ஓட்டியிருப்பார்கள், கை இரண்டாக வெட்டுப்பட்ட மாதிரி தெரியும். இவர் தண்ணீர் மாதிரி ஓடுகிற எபாக்ஸிப் பசையை விரிசலின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டார், அது தானாக உள்ளே இழுத்துக்கொண்டது.

ரோஜாவை மட்டும் புதிதாகச் செய்தாக வேண்டும். மஞ்சள் கண்ணாடியை வெட்டி வைக்கிற வேலை இல்லை இது. இடது பாதத்து ரோஜாவைப் பார்த்தால், ஒரே வெள்ளைக் கண்ணாடித் துண்டில் பாதமும் உடையின் ஓரமும் ரோஜாவும் சேர்ந்தே இருக்கும், ரோஜா மட்டும் மஞ்சள். வெள்ளி உப்பைக் காவிமண்ணோடு குழைத்து, கண்ணாடியின் பின்புறம் அந்த இடத்தில் மட்டும் பூசி, அறுநூறு டிகிரி பக்கத்தில் சுடுவார்கள். ஆறியபின் மண்ணைத் துடைத்துவிட்டால், வெள்ளி கண்ணாடிக்குள் இறங்கி மஞ்சளாக நின்றுவிடும். சூடு கொஞ்சம் கூடினால் ஆரஞ்சாகிவிடும், குறைந்தால் எலுமிச்சை மஞ்சள். மேஸ்திரி தன் சென்னைச் சூளையில் ஒரே மாதிரி சில துண்டுகளைச் சுட்டு, பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். காலை பூசை முடிந்ததும் வெயிலில் பழைய ரோஜாவுக்குப் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தோம். சூளைக்குப் பக்கத்தில் நன்றாக இருந்தது என்று அவர் சொன்ன துண்டு இங்கே செம்மஞ்சளாகத் தெரிந்தது. வெளிறியது என்று ஓரமாக வைத்திருந்ததுதான் பொருந்தியது. அதன் ஓரத்தில், ஈயப் பட்டைக்குள் மறையும் இடத்தில், 2025 என்று மட்டும் கீறினார். பின்னால் யாராவது பிரித்தால் எது பழசு, எது புதுசு என்று குழம்பக் கூடாது.

புது ஈயப் பட்டையை முதலில் ஒரு முனையைக் கவ்வியில் பிடித்து இழுத்து நிமிர்த்த வேண்டும். பிறகு தேய்த்தெடுத்த தாளைப் பலகையில் விரித்து, ஒரு மூலையிலிருந்து துண்டு, பட்டை, துண்டு, பட்டை என்று கோத்துக்கொண்டே போவார்கள். நகராமல் இருக்கச் சுற்றிலும் லாட ஆணி. வட்ட ஆணியைவிட லாட ஆணியின் தட்டைப் பக்கம் கண்ணாடி ஓரத்தைக் காயப்படுத்தாது. சேரும் இடங்களில் பற்றவைத்தார். பீடத்தில் மிச்சமான மெழுகுவர்த்தித் துண்டுகள் ஈயத்தில் தடவிப் பற்றவைக்க ஆகுமா என்று கோயில்பிள்ளை ஆசையாகக் கொண்டுவந்தார். கொழுப்பில் செய்த பழைய காலத்து மெழுகுவர்த்தி ஆகுமாம், இப்போதைய பாரஃபின் ஆகாதாம்.

மக்கு அடைப்பது மறுபடி எங்கள் வேலை. வெள்ளைச் சுண்ணத் தூள், ஆளிவிதை எண்ணெய், கொஞ்சம் டர்பன்டைன், நிறத்துக்கு விளக்குக் கரி. கெட்டித் தயிர் பதத்துக்குக் குழைத்து, குட்டையான பிரஷால் வட்டம் வட்டமாகத் தேய்த்துப் பட்டையின் இடுக்கில் ஏற்ற வேண்டும். இரண்டு பக்கமும். பிறகு காய்ந்த சுண்ணத் தூளைத் தூவி, மிஞ்சிய எண்ணெயை அது உறிஞ்சியதும் குச்சியால் ஓரம் சீவி, உலர்ந்த பிரஷால் தேய்த்தால், ஈயம் மெல்லக் கறுத்து மின்ன ஆரம்பிக்கும். அதுவரை ஆடிக்கொண்டிருந்த கட்டம் மக்கு இறுகியதும் ஒரே பலகையாகிவிடுகிறது. கையில் தூக்கும்போதே வித்தியாசம் தெரியும். யாரும் காசு தர முன்வராத பொருள் இது என்பதை அப்போது நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் பட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். நம்ம ஊர் வெயிலில் தானாகவே தீப்பிடிக்கும். நாங்கள் தண்ணீர் வாளியில் போட்டு, மாலையில் வெளியே விரித்துக் காயவைத்தபின்தான் குப்பைக்கு அனுப்பினோம்.

கம்பி வேலையில் ஒரே ஒரு இடத்தில்தான் பிடிவாதம் பிடித்தேன். துருப்பிடிக்காத கம்பி என்று கேட்டால் கடையில் 304 என்ற ரகத்தைக் கொடுப்பார்கள். வீட்டுக்குள் அது போதும். கடலோரத்தில் அதுவும் பழுப்பேறும். மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்த 316 ரகம்தான் உப்புக் காற்றுக்குத் தாங்கும். விலை கூட. கமிட்டியில் முணுமுணுப்பு வந்தது. வாசலில் வைத்திருந்த உப்பிய கம்பியைக் காட்டினேன், பேச்சு முடிந்தது. சுற்றிலும் சிமென்ட் தொடாமல் சுண்ணாம்புக் காரை வைத்தோம்.

வெளிக் கண்ணாடிக்குப் பாலிகார்பனேட் ஷீட் போட்டால் பாதி விலை என்றார்கள். சில வருஷத்தில் மஞ்சளடித்துக் கீறல் விழுந்துவிடும் என்பதால் டஃபன்ட் கண்ணாடியே போட்டோம். இதில் கவனிக்க வேண்டியது இடைவெளி. இரண்டு கண்ணாடிக்கும் நடுவே இரண்டு அங்குலம் விட்டு, மேலேயும் கீழேயும் காற்று போய்வர வழி வைத்து, பூச்சி நுழையாமல் வலை அடிக்க வேண்டும். முழுக்க மூடிவிட்டால் உள்ளே சூடும் ஈரமும் அடைபட்டு, காப்பாற்றப் போட்ட கண்ணாடியே உள்ளே இருக்கிற ஈயத்தைக் கெடுத்துவிடும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பர் கடைசியில் ஐந்து கட்டமும் மேலேறிவிட்டன. முதல் பெரிய மழையன்று நானும் கோயில்பிள்ளையும் உள்ளே பீடத்தருகில் காத்திருந்தோம். ஜன்னலில் ஒழுகவில்லை. ஆனால் காற்று கிழக்கிலிருந்து சாய்ந்து அடித்தபோது, கீழ் வலை வழியாகச் சாரல் ஏறி, இடைவெளியில் ஒரு கைப்பிடித் தண்ணீர் தேங்கியது. வடிய ஓட்டை விட்டிருந்தும் சரிவு போதவில்லை. கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன், மழை விட்டதும் அடித்திட்டில் சரிவு கொடுத்து, வலைக்கு மேல் ஒரு சின்னத் தகடு மடித்து வைப்பார்.

கணக்கை முடித்தபோது கையில் பதினோராயிரத்துச் சொச்சம் மிஞ்சியது. திருநாள் பந்தலுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஜன்னலுக்கு என்று வாங்கிய பணம் ஜன்னலுக்கே என்று தாளில் எழுதி ஒட்டிவிட்டேன். தகட்டுக்கும் கொத்தனார் கூலிக்கும் அதிலிருந்து போகும், மிச்சம் வருஷா வருஷம் சாரம் போட்டு வலையைச் சுத்தம் செய்ய. வாசல் பலகையில் தாள் இன்னும் இருக்கிறது, வந்தால் பாருங்கள்.